ஐஸ் பெட்டியில் ஓர் ஒத்திகை

ஒத்திகைக்கு எதற்காக ஐஸ் பெட்டியின் ஒயரைப் பிளக்கில் சொருகினான் என்பதுதான் கலைமதிக்குப் புரியவில்லை. செத்தவர்களைக் கிடத்துகிற அந்தக் கண்ணாடிப் பெட்டி வாடகைக்கு வந்து, மதியத்திலிருந்து பாலக்கோட்டு வீட்டின் கூடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. உள்ளே யாருடைய சாவிலோ மிஞ்சிய ரோஜா வாடை, மேலே பினாயில்.

"சும்மா படுக்கறதுக்கு எதுக்குங்க கரண்டு?"

"ரியலா இருக்கணும் மதி" என்றான் மாதேஷ்.

போன மாதம் வரை அவள் கணவன் சிமெண்ட் வியாபாரி. பெங்களூரில் மூன்று நாள் நடிப்புப் பயிற்சிக்குப் போய் வந்ததிலிருந்து கலைஞன். பல் விளக்கும்போதுகூடக் கண்ணாடியில் தன்னைத் தேடினான். குறும்படம் ஒன்றில் மனைவியைப் பறிகொடுத்தவன் வேடம் கிடைத்தது. 'உங்க அழுகைய நம்ப முடியல சார், இன்னொரு தடவ இப்படின்னா வேற ஆளப் பாத்துக்குவேன்' என்று டைரக்டர் பையன் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து மாதேஷ் சோற்றில் உப்பு தூக்கலாகப் போடச் சொன்னான். கண்ணீருக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

பிணமாக நடிக்கிற பெண் வரவில்லையாம். சிரித்துக்கொண்டேதான் இவள் ஒப்புக்கொண்டாள். கல்யாணப் பட்டுப்புடவையைக் கட்டினாள். நெற்றியில் அவன் நாணயம் ஒட்டினான். காபிகூடப் போட்டுத் தந்தான், அடுப்படி எந்தப் பக்கம் என்று தெரியாதவன். கசந்தது. முதல் காபி அப்படித்தான் இருக்கும் என்று குடித்து முடித்தாள்.

மூடி இறங்கியது. தெருவில் போகும் தக்காளி வண்டிகளின் ஹாரன் திடீரென்று வேறு ஊரில் கேட்டது. அடியில் மோட்டார் உறுமியது. குளிர் பட்டுக்குள் புகுந்து முதுகுத்தண்டில் ஒவ்வொரு கணுவாக ஏறியது. போதும் என்று சொல்ல நினைத்தாள். நாக்கு எழவில்லை. விரலும் எழவில்லை. இமைகளுக்கு நடுவே ஒரு கீற்று வெளிச்சம் மட்டும் மிச்சம்.

மாதேஷ் ஸ்டாண்டில் செல்போனைப் பொருத்தினான். சிவப்புப் புள்ளி. பிறகு ஊதுபத்தி கொளுத்தி, வாசற்கதவை அகலத் திறந்தான்.

பக்கத்து வீட்டுச் சின்னக்கா ஓடி வந்தாள்.

"அடியே மதி! காத்தாலதானடி எங்க வூட்டுல கறிவேப்பில ஒடிச்சிட்டுப் போன!"

இவளையும் நடிக்கக் கூப்பிட்டிருக்கிறான் என்று நினைத்தாள் கலைமதி. பிரமாதமாகச் செய்கிறாள். மூக்கு ஒழுகுகிறது, துடைக்கவே இல்லை.

பிறகுதான் உறைத்தது.

சின்னக்காவுக்கு நடிக்க வராது. குழம்பு நன்றாக இருக்கிறது என்று ஒரு மரியாதைப் பொய் சொல்லக்கூட வராது.

மூச்சு. அது ஒன்றுதான் கைவசம் இருந்தது. முகத்துக்கு மேலே கண்ணாடி வெளுத்தது. மறுபடி விட்டாள்.

"மூஞ்சிகிட்டப் பொகையாட்டம் இருக்குதேப்பா?"

"குளுருக்கு வேர்க்குதுங்க்கா."

துண்டால் துடைத்தான். போகவில்லை. படிந்திருந்தது உள்பக்கம்.

குனிந்தான். இமைக்கீற்றுக்குள் அவள் கண்ணைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். உதடு கோணியது. தாடை நடுங்கியது. அவள் அப்பா செத்தபோதுகூட வராத கண்ணீர், சொட்டுச் சொட்டாகக் கண்ணாடியில் விழுந்தது.

"பொண்டாட்டி மேல இம்புட்டு உசுரா இருந்திருக்கியேப்பா" என்று சின்னக்கா அவன் தோளைப் பிடித்தாள்.

அழுகை நிற்காமல், செல்போனை மறைக்காமல், ஒரு பக்கமாக ஒதுங்கி, வாங்கி வைத்திருந்த ரோஜா மாலையை எடுத்தான். வெளுத்த இடத்தின் மேல் வைத்தான்.

ரோஜாக்களின் இடுக்கில் சிவப்புப் புள்ளி.

அதற்கு இந்தப் பக்கம், கண்ணாடி மறுபடி வெளுத்தது.