பதினோரு மில்லி மழை

இரண்டு கிலோமீட்டர் நடந்து வந்ததில் அவளுடைய கோபம் குறையவில்லை, நன்றாக ஊறிப் போயிருந்தது. கையில் இருந்த கடிதத்தை வழியெல்லாம் எட்டு முறை படித்துவிட்டாள். 'தங்கள் பகுதியில் மேற்படி மூன்று நாட்களில் பதிவான மழை பதினோரு மில்லிமீட்டர் மட்டுமே. ஆகவே தங்கள் கோரிக்கை ஏற்கப்படவில்லை.' கீழே ஒரு கிறுக்கல் கையெழுத்து. பதினோரு மில்லி... இருமல் மருந்து கூட அதைவிடத் தாராளமாகக் கொடுப்பார்கள்.

அந்த மூன்று நாள் மழையில் அவளுடைய அரை ஏக்கர் வெங்காயம் மண்ணுக்குள்ளேயே அழுகிப் போயிருந்தது. பிடுங்கினால் கையோடு கூழாக வந்தது. விதைக்கு வாங்கிய சிறுகடனோடு மழைக் காப்பீடும் சேர்த்தேதான் கொடுத்திருந்தார்கள். மூன்று நாளில் நூறு மில்லிமீட்டரைத் தாண்டி மழை பெய்து பயிர் கெட்டால் கடன் தள்ளுபடி. ஆனால் வயலை யாரும் வந்து பார்க்க மாட்டார்கள். கிளை அலுவலகத்தில் இருக்கும் மழைமானி என்ன சொல்கிறதோ அதுதான் மழை.

தள்ளுபடி கிடைக்காவிட்டால், ஒன்றாகக் கடன் வாங்கிய குழுவில் மற்ற நாலு பெண்களும் அவள் தவணையைச் சேர்த்துக் கட்ட வேண்டும். அதை அவள் உயிர் போனாலும் செய்ய விட மாட்டாள். நிலத்தைப் பெரியப்பாவுக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு அதே நிலத்தில் கூலிக்கு இறங்குவதுதான் மிச்சமிருந்த வழி. அப்பா போனதிலிருந்து பெரியப்பா அதற்காகவே காத்திருந்தார். நலம் விசாரிக்கும் சாக்கில் இந்த வாரமே இரண்டு முறை வந்துவிட்டுப் போயிருந்தார்.

அலுவலகக் கதவில் மதிய இடைவேளை என்று பலகை தொங்கியது. சரியாகச் சாப்பிடத் தெரிகிறது இவர்களுக்கு, என்று பல்லைக் கடித்தாள். அந்த நேரம் பார்த்து வானம் பொத்துக்கொண்டது. பக்கவாட்டில் வண்டிகள் நிறுத்தும் தகரக் கூரை ஒன்று தெரிய, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினாள்.

அங்கே ஒருவன் மோட்டார் சைக்கிளின் இருக்கையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்தான்... கண்கள். சரி, உள்ளதைச் சொல்லிவிடுவோம், நல்ல கண்கள். அரைத் தூக்கமும், யாரையும் ஏமாற்றத் தெரியாத ஒரு வெகுளித்தனமும் கலந்த கண்கள். அதைக் கவனித்ததற்காக அவளுக்குத் தன் மீதே எரிச்சல் வந்தது. திட்ட வந்த இடத்தில் இது என்ன வேண்டாத வேலை...

"இன்னும் உள்ள தள்ளி நில்லுங்க, சாரல் அடிக்கும்" என்றான். யாரைப் பார்க்க வந்ததாகக் கேட்டான்.

"மழையே பெய்யலன்னு எழுதின புண்ணியவானத்தான் பாக்கணும்."

"பாத்து?"

"கையப் புடிச்சுத் தரதரன்னு இழுத்துட்டுப் போய் என் வயல்ல நிக்க வைக்கணும்."

அவன் உதட்டோரம் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "கையப் புடிக்கறதுக்கு அவர் ஒத்துக்குவாரான்னு தெரியலையே..."

"ஏன், உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

"கொஞ்சம். தினமும் கண்ணாடியில பாக்கறேன்."

அவ்வளவுதான். அவள் முகத்தில் அதுவரை ஓரமாக ஒட்டியிருந்த கொஞ்சநஞ்ச இளக்கமும் காணாமல் போயிற்று. இவனா? தினமும் காலை எட்டு மணிக்கு அளவு பார்த்து எழுதுவதால் கடன் குழுப் பெண்கள் 'மில்லி சார்' என்று கிண்டல் செய்வார்களே, அந்த ஆளா? அவர்கள் வட்டாரத்துக்கு அவன் இன்னும் வசூலுக்கு வந்ததில்லை. இந்த வியாழனிலிருந்துதான் வரப்போகிறான் என்று சொல்லியிருந்தார்கள்.

"அந்த மூணு நாளும் நீங்க ஆபீஸ் வந்தீங்களா?"

"ஒரு நாள் கூட லீவு போடல" என்றான், அதில் கொஞ்சம் பெருமை இருந்தது.

"எப்படி வந்தீங்க? நனைஞ்சா, நனையாமலா?"

அவன் கையிலிருந்த துணியை மடித்தான். "நனைஞ்சுதான்."

"அப்போ சட்டையப் பிழிஞ்சுட்டு, அந்தக் கையாலேயே பதினொண்ணுன்னு எழுதியிருக்கீங்க."

"கருவி என்ன காட்டுதோ அதத்தாங்க எழுத முடியும். என் சட்டைய வச்சு எழுத முடியாது." அவனுக்கும் சுருக்கென்று கோபம் வந்திருந்தது. நாலு வருடத்தில் ஒரு எண்ணைக் கூடத் தான் மாற்றி எழுதியதில்லை என்றான். வேண்டுமென்றால் புத்தகத்தை எடுத்துப் பார்க்கச் சொன்னான்.

புத்தகம் வேண்டாம், அந்தக் கருவி எங்கே என்று அவள் கேட்டாள். அவன் மோவாயால் அவளுக்குப் பின்னால் காட்டினான்.

திரும்பினாள். இடுப்பு உயரத்தில் ஒரு உலோக உருளை, மேலே புனல் மாதிரி வாய். அவள் அதைப் பார்த்தாள். பிறகு தலைக்கு மேலே இருந்த தகரத்தைப் பார்த்தாள். பிறகு வெளியே, தெருவே தெரியாதபடி கொட்டிக்கொண்டிருந்த மழையைப் பார்த்தாள். அவள் மேல் ஒரு சொட்டு விழவில்லை. அதன் மேலும் விழவில்லை. மெதுவாகப் புனலுக்குள் கையை விட்டு எடுத்து, உள்ளங்கையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"நீங்க எழுதினது சரிதான் சார். இங்க மழையே பெய்யல."

அவன் முகம் வெளிறிப் போயிற்று. இந்தக் கூரை எப்போது போட்டது என்று அவள் கேட்டதற்கு, இரண்டு மாதம் இருக்கும் என்று முனகினான். யார் போடச் சொன்னது என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்... தினமும் ஈர இருக்கையில் உட்கார்ந்து போக முடியவில்லை என்று மேனேஜரை நச்சரித்துப் போட வைத்தது அவன்தான். காற்றில் சாய்ந்து உள்ளே விழுந்த சாரலைத்தான் இரண்டு மாதமாக மழை என்று எழுதி வந்திருக்கிறான்.

அதை அவன் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "மேனேஜர்கிட்ட கேக்கணும்" என்றான். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவனை அவள் வாழ்நாள் முழுக்க மன்னிக்கப் போவதில்லை என்று தீர்மானித்துக்கொண்டு, கொட்டும் மழையில் இறங்கி நடந்தாள்.

மேனேஜரிடம் அவன் கேட்கத்தான் செய்தான். கூரையை நாளைக்கே ஒரு முழம் வெட்டிவிடலாம், நடந்ததைக் கிளறாதே என்று மேனேஜர் சொன்னார். கிளறினால் இந்தப் பருவத்தின் எல்லாக் கோரிக்கையும் திரும்ப எழும், கூரை யாருக்காகப் போட்டது என்று தலைமை அலுவலகம் கேட்கும், உன் பெயரைத்தான் சொல்வேன் என்றும் சொன்னார். அவன் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டான். ஆனால் சாப்பிட உட்கார்ந்தால், சட்டையை மாட்டினால், அந்தக் காய்ந்த உள்ளங்கை வந்து முன்னால் நின்றது. அதற்குப் பின்னால் இருந்த கண்களும்... கோபத்தில் பளபளத்த கண்கள். இப்படி ஒருத்தி நம்மைப் பார்த்தாள் என்றால் இனி கண்ணாடியைப் பார்ப்பது எப்படி என்று இருந்தது அவனுக்கு.

வியாழக்கிழமை குழுக் கூட்டத்துக்கு அவன்தான் வந்தான். அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவன் தரையைப் பார்த்துப் பேசினான். குழுத்தலைவியான தையலக்கா தையல் மெஷினில் கண்ணைத் தேய்த்தவள், ஆனாலும் இதெல்லாம் அவளுக்கு நன்றாகவே தெரியும். ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் இருக்க ஏன் இவ்வளவு பாடுபடுகிறீர்கள் என்று கூட்டம் முடிந்ததும் இவள் காதைக் கடித்தாள். அதற்காக இவள் தையலக்காவோடு அன்று முழுக்கப் பேசவில்லை.

இரண்டு நாள் கழித்து அவன் வயலுக்கே வந்து நின்றான். அவள் அழுகிய வெங்காயத்தை வாரி வரப்பில் கொட்டிக்கொண்டிருந்தாள். வாடை குடலைப் பிடுங்கியது. மூக்கைப் பொத்தாமல் நின்றானே என்று ஒரு கணம் மனசு இளகப் பார்த்தது. அதற்குள் அவன் வாயைத் திறந்து எல்லாவற்றையும் கெடுத்தான். அவளுடைய தவணைகளைத் தன் சம்பளத்திலிருந்தே கட்டிவிடுவதாகவும், யாருக்கும் தெரிய வேண்டாம் என்றும், நிலம் பெரியப்பாவிடம் போகப்போவதைத் தையலக்கா சொன்னதாகவும், இனி அது தேவையில்லை என்றும் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

அவள் கூடையைக் கீழே வைத்தாள்.

"என்ன மாதிரி எத்தன பேருக்கு அந்தக் கடுதாசி போச்சு?"

"நூத்தி நாப்பது பேருக்கு."

"அத்தன பேருக்கும் உங்க சம்பளத்துல கட்டப் போறீங்களா?"

அவன் இல்லையென்று தலையாட்டினான்.

"அப்போ எனக்கு மட்டும் எதுக்கு? எங்கிட்ட வாய் இருக்கு, அத அடைக்கவா? இல்ல, கண்ணு மூக்கு நல்லா இருக்குன்னா?" குரல் நடுங்கியது. அதை அவன் கவனித்துவிடக் கூடாதே என்று இன்னும் சத்தமாகப் பேசினாள். "உங்க காசு எனக்கு வேண்டாம். மழை பெஞ்சுது. பெஞ்ச மழைய பெஞ்சுதுன்னு எழுதிக் குடுங்க. அது முடியலன்னா இந்த வரப்புல கால் வைக்காதீங்க."

வீட்டு வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா, வந்த மனுஷனை இப்படியா விரட்டுவது என்று கடிந்துகொண்டாள். அவள் அடுப்படிக்குப் போய், பாத்திரங்களைத் தேவைக்கு மேல் சத்தமாகக் கழுவினாள். கண்ணில் நீர் வந்ததற்கு வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டாள்.

அடுத்த வியாழன் அவன் வசூல் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. நின்றுகொண்டே, அன்று காலை தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிய கடிதத்தின் நகலைப் படித்தான். இரண்டு மாதமாக எழுதிய அளவுகள் அத்தனையும் தவறு என்று இருந்தது. மழைமானிக்கு மேல் கூரை வந்தது தன் வண்டிக்காக, தன் வற்புறுத்தலால் என்று இருந்தது. தவறு தெரிந்த பிறகும் ஒன்பது நாள் மறைத்தேன் என்றும் இருந்தது.

ஒரு பெண் எழுந்தாள். அவளுடைய கத்திரிச் செடிகள் மொத்தமும் போயிருந்தன. "உங்க சீட்டு நனையக் கூடாதுன்னு என் குடும்பத்தையே நனைச்சுட்டீங்களே சார்" என்றாள். அதன் பிறகு ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். அவன் ஒன்றுக்கும் மறுபேச்சுப் பேசாமல், தலையைக் குனியாமல், நின்று வாங்கிக்கொண்டான்.

அவளுக்குத்தான் தாங்கவில்லை. இத்தனை நாள் இவன் எப்போது திட்டக் கிடைப்பான் என்று அலைந்தவள், மற்றவர்கள் திட்டும்போது மட்டும் நெஞ்சு ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது? போதும், விடுங்கள் என்று கத்திவிடலாம் போல இருந்தது. அவனைத் திட்டும் உரிமை தனக்கு மட்டும்தான் என்று ஒரு நினைப்பு வந்தது... அது என்ன மாதிரி நினைப்பு என்று புரிந்ததும், அந்தக் கோபத்தையும் அவன் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டாள்.

தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் அளவு நாடாவோடு வந்தார்கள். அடுத்த கிளையின் மழைமானி அந்த மூன்று நாளில் நூற்று எழுபதைத் தாண்டியிருந்தது தெரிந்தது. நூற்று நாற்பது பேருக்கும் கடன் தள்ளுபடி ஆனது. பெரியப்பா நலம் விசாரிக்க வருவதை நிறுத்திக்கொண்டார். மில்லி சாரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். மேனேஜருக்கு ஒன்றும் ஆகவில்லை, அவர் இன்னும் சரியாக மதிய இடைவேளை எடுத்துக்கொண்டிருக்கிறார்.

அவள் காத்திருந்தாள். எதற்கு என்று தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. ஒரு வாரம் போயிற்று, இரண்டு, மூன்று. அவன் வரவில்லை. கடைவீதி உரக்கடையில் பில் போடுகிறான் என்று தையலக்கா போகிற போக்கில் சொன்னாள், யாரிடமோ சொல்வது போல. மறுநாள் காலையிலேயே அவள் விதை வாங்கக் கிளம்பிவிட்டாள். விதை இன்னும் ஒரு மாதம் கழித்துத்தான் தேவை.

கடையில் மூட்டைகளுக்கு நடுவே ஒரு சின்ன மேசை. அவன் எழுதிக்கொண்டிருந்தான். இளைத்திருந்தான். நிமிர்ந்தவன் பேனாவை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான்.

"பெரிய தியாகின்னு நெனப்பா உங்களுக்கு?" என்று ஆரம்பித்தாள். வழியெல்லாம் யோசித்து வைத்த பேச்சு எதுவும் ஞாபகம் வரவில்லை. "வேலை போச்சு. ஒரு வார்த்த வந்து சொல்ல வேண்டாமா? மூணு வாரம்."

"வரப்புல கால் வைக்காதீங்கன்னு சொன்னது நீங்கதான்."

"எழுத முடியலன்னா வைக்காதீங்கன்னு சொன்னேன். எழுதிட்டீங்கல்ல?"

அவன் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "வந்தா, செஞ்சதுக்குக் கூலி கேக்க வந்த மாதிரி இருக்கும். நான் எழுதினது அந்த நூத்தி நாப்பது பேருக்காக. உங்களுக்காகன்னு நீங்க நெனைச்சுடக் கூடாதுன்னுதான் வரல."

உரம் வாங்க வந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"மேனேஜர் மேல எனக்குக் கோவமே வரல, அது தெரியுமா? பெரியப்பா மேல கூட இப்ப வரல. காலைல கண்ணு முழிச்சா மொதல்ல உங்க மேலதான் வருது. ராத்திரி வரைக்கும் எறங்க மாட்டேங்குது. நீங்க வரலன்னா கோவம், வந்துடுவீங்களோன்னு கோவம், இப்படி எளைச்சுப் போய் உக்காந்திருக்கீங்களே, அதப் பாத்தாலும் கோவம். நான் என்ன பண்றது?"

அவன் எழுந்து நின்றான். "எனக்கு உங்களப் புடிச்சிருக்கு" என்றான், மிகச் சாதாரணமாக, ஒரு அளவைப் பார்த்துச் சொல்வது போல. "மொத நாளே புடிச்சுது. ஆனா அன்னைக்கு இருந்தவனுக்கு அதச் சொல்ற யோக்கியத இல்ல. இப்போ சொல்லிக்கிற மாதிரி வேலையும் இல்ல. இருந்தாலும் சொல்றேன்."

அவள் எங்கேயோ பார்த்தாள். விதை மூட்டைகள், தராசு, எதுவும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியவில்லை.

"எனக்கும்தான்" என்றாள், இன்னும் திட்டுகிற குரலிலேயே. "இல்லன்னா இவ்வளவு கோவம் எதுக்கு வரப் போகுது?"