சன்னலைத் திறந்த கை

காலை எட்டேகால் மணிக்குக் காவல் ஆய்வாளர் ஊட்டா மெர்க்லே, நெக்கர் ஆற்றங்கரையில் இருந்த அந்த மஞ்சள் வீட்டின் மூன்றாம் மாடிக்கு ஏறி வந்தார்.

கட்டிலில் தியோனா இறந்து கிடந்தாள். வயது இருபத்து நான்கு. ஜார்ஜியாவிலிருந்து மொழியியல் படிக்க ஜெர்மனியின் தூபிங்கனுக்கு வந்தவள். கழுத்துவரை போர்வை இழுத்து விடப்பட்டிருந்தது. தலைமாட்டில் காலியான தூக்க மாத்திரை அட்டை. சன்னலின் இரு கதவுகளும் அகலத் திறந்திருந்தன. இரவெல்லாம் பெய்து விடியுமுன் நின்றுபோன பனி உள்ளே விழுந்து உருகியதில், மேசைமேல் இருந்த புத்தகங்கள் ஊறிப் போயிருந்தன. சன்னலுக்குக் கீழே ஹீட்டர் கை வைக்க முடியாதபடி கொதித்தது. கொத்தமல்லி முளைத்த மூன்று தொட்டிகள் சுவரோரமாக இறக்கி வைக்கப்பட்டிருந்தன.

"பாருங்க மேடம், ஹீட்டரைப் போட்டுக்கிட்டே சன்னலையும் திறந்து வெச்சிருக்கா," என்றார் உதவியாளர் ஹார்ட்மூட். "இந்த வெளிநாட்டுப் பிள்ளைங்களுக்கு எத்தனை தடவை சொன்னாலும் ஏறாது. தெருவையே சூடாக்கப் பார்த்திருக்கா."

"செத்துக் கிடக்கிறவளைப் பத்திப் பேசறீங்க, ஹார்ட்மூட்."

அவர் குறிப்பேட்டைத் திறந்தார்.

எதிர் அறையில் குடியிருந்த ஸ்வென்யா சமையலறையில் காத்திருந்தாள். உள்ளூர்ப் பெண், தியோனாவின் வகுப்புத் தோழி. தலை சீராக வாரப்பட்டிருந்தது.

"எப்ப பார்த்தீங்க?"

"ஏழரைக்கு. இன்னைக்கு ரெண்டு பேருக்கும் நேர்காணல். எழுப்பலாம்னு தட்டினேன். சத்தம் இல்ல, திறந்தேன். நெத்தியைத் தொட்டதுமே தெரிஞ்சிடுச்சு."

"தொட்டதுமேவா?"

"பள்ளிக்கூடம் முடிச்சதும் ஒரு வருஷம் முதியோர் இல்லத்துல சேவை பண்ணினேன். நிறையச் சாவு பார்த்திருக்கேன்."

"சன்னல்?"

"நான் போனப்பவே திறந்துதான் இருந்துச்சு. நான் எதையும் தொடல."

"ராத்திரி?"

"பத்துக்குப் படுத்தேன். காலையிலதான் எந்திரிச்சேன்."

நேர்காணல் பல்கலைக்கழகத்தின் ஒரே ஓர் ஆராய்ச்சியாளர் இடத்துக்கு. இறுதிவரை வந்தவர்கள் இவர்கள் இருவர்தாம். கிடைக்காவிட்டால் தியோனா விசா முடிந்து வசந்த காலத்துக்குள் ஊர் திரும்பியிருக்க வேண்டும்.

"அந்தப் பயத்துலதான் முழுங்கிட்டா," என்று முணுமுணுத்தார் ஹார்ட்மூட்.

ஸ்வென்யா எழுந்தாள். "பத்து மணிக்கு நேர்காணல். நான் போகலாமா?"

மறுப்பதற்கு மெர்க்லேயிடம் காரணம் ஏதும் இருக்கவில்லை.

கீழ்த்தளத்தில் வீட்டுக்கார ஐஸலே அம்மாள், நடைவண்டியைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"ராத்திரி வாசல் தாழ்ப்பாளைப் போட்டதும் நான்தான், காலையில உங்களுக்குத் திறந்து விட்டதும் நான்தான். நடுவுல ஒரு ஈ காக்கா வரல. மேலே அந்த ரெண்டு பொண்ணுங்க மட்டும்தான்."

"நீங்க மாடிக்குப் போனீங்களா?"

"இந்த வண்டியைத் தள்ளிக்கிட்டா? முட்டி போய் ஒரு வருஷம் ஆச்சும்மா."

"தியோனா ஹீட்டரை அணைக்காம விடுவாளா?"

அம்மாளின் முகம் கோணிற்று. "வந்த புதுசுல ஒரு தடவை சத்தம் போட்டேன். உங்க ஊர்ல எரிவாயு ஆத்துல ஓடுதான்னு கேட்டேன். அன்னைலேருந்து ஹீட்டரை அணைச்சிட்டுத்தான் சன்னல்கிட்டயே போவா. அதுவும் ஒத்தைக் கதவுதான் திறப்பா. இன்னொண்ணை மறைச்சுக் கொத்தமல்லி வெச்சிருந்தா. எங்க ஊர்ல இது இல்லாம சோறு இறங்காதுன்னு சொல்லிச் சிரிப்பா." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்படிச் சத்தம் போட்டிருக்க வேண்டாம்."

மறுநாள் முற்பகல், தியோனாவின் அண்ணன் லெவான் வந்து சேர்ந்தான். பேருந்து ஓட்டுநர். ஒரு பெரிய காலிப் பெட்டி கொண்டு வந்திருந்தான்.

"தற்கொலைன்னு எழுதிட்டீங்களா, மேடம்?"

"இன்னும் இல்ல."

"அப்படி எழுதினா எங்க பாதிரியார் கோயில் நிலத்துல இடம் தர மாட்டார். வேலிக்கு வெளியேதான். அம்மா எங்களை ஒத்தையா வளர்த்தவங்க. அவங்ககிட்ட நான் என்னன்னு சொல்ல?"

அவனை அந்த அறைக்கு அழைத்துப் போனார் மெர்க்லே. காவலர்கள் சாத்திப் பூட்டிய அறையில் ஹீட்டர் எரிந்தபடியே இருந்தது; மூச்சு முட்டியது. சன்னலைத் திறக்கப் போனவரின் கை, தானாகவே முதலில் ஹீட்டரை அணைத்தது.

குனிந்தபடியே அவர் நின்றுவிட்டார்.

காற்றுக்காகச் சன்னலைத் திறக்கும் எவரும் இந்த ஊரில் ஹீட்டரை விட்டுவைப்பதில்லை. தியோனாவும் அதைக் கற்றுக்கொண்டிருந்தாள். அப்படியானால் அந்தச் சன்னல் திறக்கப்பட்டது காற்றுக்காக அன்று. மருத்துவமனையில் தம் தந்தை இறந்த நாள் அவர் நினைவுக்கு வந்தது. தாதி மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தாள். ஒரு சொல்லும் பேசாமல் போய், சன்னலின் இரு கதவுகளையும் விரியத் திறந்தாள். உயிர் போக வழி வேண்டும் என்பார்கள். அந்த நேரத்தில் யாரும் ஹீட்டரை நினைப்பதில்லை.

நான்கு மணிக்கு, அதே சமையலறை.

"இடம் உங்களுக்கே கிடைச்சிடுச்சாமே."

"ஆமா," என்றாள் ஸ்வென்யா. "தியோனா வரலன்னு மட்டும் குறிச்சுக்கிட்டாங்க."

"அவ செத்துட்டான்னு நீங்க சொல்லலையா?"

ஸ்வென்யா சீராக வாரிய தலையை மறுபடி கையால் ஒதுக்கிக்கொண்டாள்.

"புத்தகமெல்லாம் நனைஞ்சிருக்கு. அதனால பனி பெய்யும்போதே யாரோ சன்னலைத் திறந்திருக்காங்க. தியோனா திறந்திருந்தா ஹீட்டரை அணைச்சிருப்பா, தொட்டியை நகர்த்தியிருக்க மாட்டா. வாசல் தாழ் போட்டிருந்துச்சு. ஐஸலே அம்மாவால படி ஏற முடியாது. மீதி நீங்க ஒருத்திதான். முதியோர் இல்லத்துல ஒவ்வொரு சாவுக்கும் நீங்க பண்ணினதை இங்கேயும் பண்ணியிருக்கீங்க. அவ செத்துட்டான்னு ராத்திரியே உங்களுக்குத் தெரியும்."

ஸ்வென்யா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"அவ சாகணும்னு நான் நினைக்கல. காலையில எந்திரிக்காம தூங்கிட்டாப் போதும்னுதான் மாத்திரையை டீயில கலந்தேன். அவளும் பதற்றத்துல ஏற்கெனவே ஏதோ போட்டிருந்திருக்கா, அது எனக்குத் தெரியாது. நடுவுல எந்திரிச்சுப் போய்ப் பார்த்தேன். மூச்சு இல்ல."

"ஆம்புலன்ஸைக் கூப்பிடல."

"இல்ல. சன்னலைத் திறந்தேன். அப்புறம்தான் அட்டையைக் கொண்டுவந்து வெச்சேன்."

"தொட்டியை ஏன் இறக்கினீங்க?"

"கீழே விழுந்து உடைஞ்சிடுமே," என்றாள் அவள். அப்போதுதான் அழத் தொடங்கினாள்.

ஹார்ட்மூட் அவளைக் கீழே அழைத்துப் போனார். தியோனாவின் அறையில் லெவான் தங்கையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தான். திறந்திருந்த சன்னலுக்கு அடியில் ஈரப் புத்தகங்கள் தரையில் விரித்து உலர்த்தப்பட்டிருந்தன.

"தற்கொலை இல்ல, லெவான். அறிக்கையில நானே எழுதித் தரேன். பாதிரியார்கிட்ட காட்டலாம்."

அவன் சிலுவைக் குறி இட்டுக்கொண்டான். உடனே கேட்டான்: "போகும்போது தனியாவா கிடந்தா?"

முழுவதையும் சொல்லத்தான் மெர்க்லே வந்திருந்தார். ஆயினும் அந்த முகத்தைப் பார்த்ததும், சொல்லக்கூடிய ஒன்றே முதலில் வாயில் வந்தது.

"அப்புறம் ஒருத்தி வந்தா. அவ உயிர் போக வழி வேணும்னு சன்னலைத் திறந்து விட்டா."

"எங்க அம்மாவும் அப்படித்தான் செஞ்சிருப்பாங்க." அவன் நிமிர்ந்தான். "அந்தப் பொண்ணு யாரு, மேடம்? கையைப் பிடிச்சு ஒரு வார்த்தை நன்றி சொல்லணும்."

மெர்க்லே கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். இனித் தள்ளிப்போட வழியில்லை.

"மாத்திரையைக் கலந்ததும் அவதான்."

லெவான் கையிலிருந்த சட்டையை மறுபடி பிரித்தான், மறுபடி மடித்தான். அதைப் பெட்டியில் வைக்க அவனால் முடியவில்லை.

"அந்தச் சன்னலைச் சாத்திடுங்க," என்றான்.

மெர்க்லே சாத்தினார். வழக்கம்போல் ஹீட்டரைப் போடக் குனிந்தவர், இனி அந்த அறையில் யாருக்குச் சூடு வேண்டும் என்று தோன்ற, கையை எடுத்துக்கொண்டார்.