வேரோடு ஒழிக்கும் கேப்ஸ்யூல்

மூலிகை வைத்தியர் தன் மேஜைக்கடியில் விழுந்து கிடந்தார்.

வாயில் நுரை இல்லை. உடம்பில் காயம் இல்லை. சட்டை மட்டும் வியர்வையில் தொப்பலாக...

மூச்சு இருந்தது. ஏதோ கொஞ்சம்.

ஆம்புலன்ஸ் கிளம்பியதும் பெண் இன்ஸ்பெக்டர் வரவேற்பறைப் பெண்ணை விசாரித்தார். கடைசியாக உள்ளே போனது ஒரு பி.டி. டீச்சர் என்றும், சுவர் அதிரச் சண்டை போட்டாள் என்றும் அவள் சொன்னாள்.

டீச்சர் ஓடி ஒளியவில்லை. பள்ளி மைதானத்தில், விசிலும் கையுமாக நின்றாள்.

"என்ன கொடுத்தீங்க அவருக்கு?"

"அவர் எனக்குக் கொடுத்ததைத்தான்."

இன்ஸ்பெக்டரின் புருவம் உயர்ந்தது!

டீச்சர் கொட்டித் தீர்த்தாள். மாதவிலக்கு மாதக்கணக்கில் வராது. தாடையில் முடி. என்னதான் ஓடியும் எடை இறங்கவில்லை. பி.சி.ஓ.எஸ். என்று சொல்லி மருந்து கொடுத்தார் லேடி டாக்டர். அந்தச் சினைப்பைக் கட்டிகளை வேரோடு ஒழிப்பதாகச் சொன்னார் வைத்தியர். டாக்டர் மருந்தை நிறுத்திவிட்டு அவருடைய பச்சைக் கேப்ஸ்யூலுக்கு மாறினாள். நேற்று, பிள்ளைகள் கண்ணெதிரே மயங்கி விழுந்தாள்.

"வெறும் மூலிகைம்மா, கைக்குழந்தைக்கே கொடுக்கலாம்னாரு. அப்ப நீங்க முழுங்கிக் காட்டுங்கன்னேன். வீறாப்பா ஒரு பிடி அள்ளிப் போட்டுக்கிட்டாரு..."

இன்ஸ்பெக்டரின் செல்போன் அலறியது. ஆஸ்பத்திரி டாக்டர்!

வைத்தியர் பிழைத்துவிட்டார். ரத்தச் சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போயிருந்ததாம். கேப்ஸ்யூலுக்குள் அடைத்த மூலிகைப் பொடியில் சர்க்கரை நோய் மாத்திரையை அரைத்துக் கலந்ததை, குளுக்கோஸ் ஏறி நினைவு வந்ததும் அவரே உளறிவிட்டாராம்.

"பி.சி.ஓ.எஸ். வேரோட பிடுங்குற களை இல்ல மேடம்," என்றார், டீச்சரின் கதையை இன்ஸ்பெக்டர் சொல்லக் கேட்ட டாக்டர். "அளவான சாப்பாடு, உடற்பயிற்சி, தூக்கம், அவங்கவங்களுக்கு ஏத்த மருந்து... கட்டுக்குள்ள வெச்சுக்கலாம். நிறைய பேர் குழந்தையும் பெத்துக்குறாங்க."

விஷயத்தைக் கேட்ட டீச்சர் புல்தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப நான் கொலைகாரி இல்லையா மேடம்?"

"இல்ல. நாளைக்கே அந்த லேடி டாக்டரைப் போய்ப் பாருங்க. கேஸ் அந்த வைத்தியர் மேலதான்."

ஜீப்பில் ஏறியதும் ஏட்டு தலையைச் சொறிந்தார். லேபுக்கு அனுப்பக் கேப்ஸ்யூல் வேண்டுமே, க்ளினிக்குக்கு வண்டியைத் திருப்பவா என்று கேட்டார்.

இன்ஸ்பெக்டர் தன் கைப்பையைத் திறந்து ஒரு பச்சை டப்பாவை எடுத்து நீட்டினார்.

ஏட்டு வாயைப் பிளந்தார். "ரகசியமா விசாரணை நடத்திட்டிருந்தீங்களா மேடம்?"

"ஆமா... காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு!"