பக்கத்து நாற்காலிக்காரர்

குற்றாலத்தில் லோகநாயகியின் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது. ஐந்தருவிப் பாதையில் அவள் நடத்தும் விடுதியில், சீசனுக்கு வந்து குடித்துவிட்டுக் கூத்தடித்தவன் எவனும் மறுநாள் காலைக் காப்பியை அங்கே குடித்ததில்லை. உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் வழியப் படியேறுகிறவனைப் பார்த்தால், "அருவியில குளிக்க வந்தியா, இல்ல வாணலியில குதிக்க வந்தியா?" என்று கேட்பாள். கேட்டுவிட்டு வாடகையிலும் ஒரு ரூபாய் குறைக்க மாட்டாள்.

அப்பேர்ப்பட்ட லோகநாயகி, அன்று சாயங்காலம் தென்காசியில் ஒரு பழைய வீட்டின் முன்னால் நின்று சுவரைத் திட்டிக்கொண்டிருந்தாள். ஒரு வெள்ளைத் துண்டால் தாடையைச் சேர்த்துக் கட்டி உச்சந்தலையில் முடிச்சுப் போட்டிருந்தாள். சாரல் விழுந்து துண்டு ஈரமாகியிருந்தது.

"சுண்ணாம்பு அடிச்சு எத்தனை வருசமாச்சோ! இதெல்லாம் ஒரு ஆஸ்பத்திரி."

"யக்கா, டாக்டரம்மா பல்லத்தான பாக்கப் போறாவ, சுவத்தையா?" என்றான் சங்கரபாண்டி. விடுதிக்கு ஆட்டோ ஓட்டுகிறவன். அவன்தான் அவளைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு வந்திருந்தான்.

"நீ வாய மூடுலே."

ஏற்கெனவே இரண்டு தடவை இந்தப் படிவரைக்கும் வந்து திரும்பிப் போனவள் அவள். முதல் தடவை, டாக்டர் சுஜிதா ரொம்பச் சின்னப் பெண்ணாம். "அவளுக்கே பால்பல்லு விழுந்துச்சோ என்னமோ, எனக்குப் புடுங்க வந்துட்டா" என்றாள். அடுத்த தடவை, உள்ளே கரண்டு இல்லையாம். இரண்டும் சாக்கு. ஊரையே பயந்தாங்கொள்ளி என்று ஏசுகிற லோகநாயகிக்குப் பல் டாக்டர் என்றால் குலை நடுங்கும். மல்லாக்கப் படுத்து, வாயைப் பிளந்துகொண்டு, ஒரு வார்த்தை பேச முடியாமல் கிடக்க வேண்டும். பேசாமல் கிடப்பதா? அவளுக்கு அதைவிடப் பெரிய நரகம் வேறு இல்லை.

அதனால் கிராம்பை வைத்தாள். பெருங்காயத்தை வைத்தாள். அருவிக்கரையில் ஊதுகுழல் வைத்துப் பல்லில் புழு எடுக்கிறவளிடம்கூட ஒளிந்து ஒளிந்து போய் வந்தாள். புழு வந்தது. வலிதான் போகவில்லை.

இப்போது வாய் ஒரு விரல் அளவுக்குமேல் திறக்கவில்லை. எச்சில் விழுங்கினால் உயிர் போனது. காலையில் வழக்கமாய்ப் பார்க்கும் டாக்டர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தவுடன் முகம் மாறிப்போனார். "சீழ் தொண்டைக்கு இறங்குதும்மா. இன்னைக்கே அந்தப் பல்ல எடுத்தாகணும். நாளைக்குன்னு போனீங்கன்னா மூச்சு அடைச்சிரும். பல்லு வலியில யாராவது சாவாங்களான்னு கேக்காதீங்க. செத்திருக்காங்க."

அந்தப் பேச்சுதான் அவளைப் படியேற்றியது.

வீட்டின் முன்கூடத்தைத்தான் காத்திருக்கும் அறையாக்கியிருந்தார்கள். தேக்கு உத்தரமும் உயர்ந்த கூரையும் உள்ள இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். அடைத்த கதவுக்குப் பின்னால் மெஷின் கீச்சென்று ஓடியது; நின்றது; மறுபடியும் ஓடியது. உதவிக்கு இருந்த பெண் போன வாரம் வேலையை விட்டு நின்றுவிட்டாளாம். ஏன் என்று யாரும் சொல்லவில்லை.

டெட்டால் நெடி மூக்கில் ஏறியது. அதற்கு அடியில் இன்னொரு வாசனையும் இருந்தது. ஊதுபத்தியும் வாடத் தொடங்கிய ரோஜா மாலையும் கலந்த வாசனை. சாமி படத்துக்கு ஏற்றியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். சுவரில் சாமி படம் எதுவும் இல்லை.

மூலை நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

அறுபது வயது இருக்கும். மடிப்புக் கலையாத புது வேட்டி காலை மூடிக் கிடந்தது. கன்னம் ஒரு பக்கம் வீங்கிப் பளபளத்தது. அவரும் வெள்ளைத் துணியால் தாடையைத் தூக்கிக் கட்டி, உச்சியில் முடிந்திருந்தார். அவரைப் பார்த்ததும் லோகநாயகிக்குப் பாதி வலி குறைந்துவிட்டது. ஆம்பளையாம், மீசையாம், மூஞ்சியைக் கட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கும் லட்சணத்தைப் பார். தன் தலையிலும் அதே கோலம் என்பது அவளுக்கு மறந்துபோனது. அடுத்தவன் முதுகு அழுக்குத்தானே நமக்குத் தெரியும்!

ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள். "ரொம்ப நேரமா இருக்கியளா அண்ணாச்சி?"

"ரொம்ப நேரமா." உதடு அசையவில்லை. கட்டு இறுக்கமாய் இருக்கும்போல.

"உங்களுக்கு முன்னால யாரும் இருக்காவளா?"

"வருதாவ. பெறகு போயிருதாவ. நான் சொன்னாக் கேப்பாவ."

"என்ன சொல்லுவிய?"

அவர் மெல்ல அவள் பக்கம் சாய்ந்தார். ரோஜா வாசனை தூக்கலாய் அடித்தது.

"உள்ள போவாத, தாயி. தானாச் சரியாப் போயிரும்."

ரோகி கேட்டதும் பால், வைத்தியன் சொன்னதும் பால் என்பார்கள். யாராவது ஒருத்தர் வாயிலிருந்து இந்த வார்த்தை வராதா என்றுதான் லோகநாயகி மாசக்கணக்கில் காத்துக் கிடந்தாள்.

"உங்களுக்குச் சரியாப் போச்சா?"

"போச்சு."

"வலி?"

"இப்ப ஒண்ணுமே வலிக்கல."

"பெறகு என்னத்துக்கு இங்கன வந்து உக்காந்திருக்கிய?"

"இது என் வீடுல்லா" என்றார் அவர். "இந்த எடத்துலதான் எனக்குக் கட்டில் போட்டிருந்துச்சு."

சரி, வீட்டுக்காரர். வாடகை வாங்க வந்திருப்பார் என்று தோன்றியது. வீட்டுக்காரனே உள்ளே போகாதே என்கிறான் என்றால் டாக்டரின் லட்சணம் தெரியாதா? லோகநாயகி பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். நாளைக்கு வரலாம். திருநெல்வேலியில் நல்ல டாக்டராய்ப் பார்க்கலாம். சாவு என்ன, பஸ் பிடித்தா வந்துவிடப் போகிறது?

"வா, போயிருவோம்" என்று அவரும் எழுந்தார்.

நடக்கவில்லை.

குதித்தார்.

தொப்.

இரண்டு பாதமும் சேர்ந்து தரையில் விழுந்த சத்தம். வேட்டி ஒதுங்கியது. லோகநாயகி குனிந்து பார்த்தாள்.

கால் பெருவிரல் இரண்டையும் வெள்ளைத் துணிக்கிழிசலால் சேர்த்துக் கட்டியிருந்தது.

பல் வலிக்கு யாரும் காலைக் கட்டுவதில்லை.

அவள் கண் மேலே ஏறியது. நெற்றியில் அப்பிய சந்தனத்தில், இதுவரை அவள் கவனிக்காத ஒரு காசு ஒட்டிக்கொண்டிருந்தது. சாவு வீட்டுக்குப் போய் வந்தவர்களுக்கு இதெல்லாம் தெரியும். உயிர் போனதும், விறைப்பதற்கு முன்னால், கால்கள் விலகாமல் இருக்க விரலைக் கட்டுவார்கள். வாய் பிளந்துகொள்ளாமல் இருக்க தாடையைக் கட்டுவார்கள். முடிச்சை உச்சந்தலையில்தான் போடுவார்கள்.

லோகநாயகியின் கை தன் உச்சந்தலைக்குப் போனது.

அங்கேயும் அதே முடிச்சு.

தொப். இன்னும் ஒரு குதி. தெருக்கதவுக்கும் அவளுக்கும் நடுவில் வந்து நின்றார். வெளியே ஆட்டோவில் சங்கரபாண்டி பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். கூப்பிட நினைத்தாள். தொண்டையில் காற்றுத்தான் வந்தது. முதுகுப் பக்கம் மெஷின் சத்தம் நின்றது. வேலை முடிந்த ஆள் ஒருவன் கன்னத்தைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தான். அந்த வெள்ளை வேட்டியை உரசிக்கொண்டே, ஒன்றையும் பார்க்காமல், தெருவில் இறங்கிப் போய்விட்டான்.

"அடுத்து யாரு? வாங்க" என்றாள் டாக்டர் உள்ளேயிருந்து.

"போவாத தாயி. அவ வாயத் தொறக்கச் சொல்லுவா. ஊசி வச்சிருக்கா. குறடு வச்சிருக்கா. நான் பாத்தேன்."

லோகநாயகி அப்போதுதான் கவனித்தாள். கட்டின கால் இரண்டும் வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தன. உள்கதவைப் பார்க்கவும் தைரியமில்லாமல் கண் தரையில் கிடந்தது.

பேயைக் கண்டால் யாருக்கும் பயம்தான். லோகநாயகிக்கும் முதுகுத்தண்டு சில்லிட்டுத்தான் போயிருந்தது. ஆனால், பயப்படுகிற பேய்! பார்த்த மாத்திரத்தில் அவளுக்குள் இருந்த ஏளனம் அத்தனையும் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. திறக்காத வாய் திறந்தது.

"ச்சீ! நீரும் ஒரு பேயாவே? செத்தாச்சு, தூக்கியாச்சு, எரிச்சும் ஆச்சு, இன்னும் என்னவே பயம்? ஒத்தப் பல்லுக்குப் பயந்து உசுர விட்டது பத்தாதுன்னு போற வாரவளையும் தொணைக்குக் கூப்புடுதீரோ? ஒரு பொம்பளப் புள்ள இங்கன கட வச்சுப் பொழைக்குது, அது பொழப்புல மண்ணள்ளிப் போடுதீரே, வெக்கமா இல்ல? தூ! பேய்க் கூட்டத்துலயும் உம்மள ஒரு ஆளாச் சேத்துக்கிடுவாவளா?"

அவர் அடிவாங்கினவர் மாதிரிப் பின்னால் சாய்ந்தார்.

"இந்த மூஞ்சிகூடச் சோடி போட்டுக்கிட்டுப் போறதுக்கு, அந்தச் சின்னப் புள்ள கையால சாவலாம்."

துண்டின் முடிச்சை அவிழ்த்தாள். சுருட்டி அவர் காலடியில் எறிந்தாள். உள்ளே போய்க் கதவைத் தள்ளினாள்.

மல்லாக்கப் படுத்தபோது விளக்கு வெளிச்சம் கண்ணைக் குத்தியது. "பயமா இருந்தா கையத் தூக்குங்கம்மா, நிறுத்திருவேன்" என்றாள் சுஜிதா. ஊசி இறங்கியதும் கை தானாக உயரப் பார்த்தது. கதவு இடுக்கில் வெள்ளையாய் ஒன்று நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கோழைக்கு முன்னால் கையைத் தூக்குவதா? லோகநாயகி நாற்காலியின் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். குறடு இறங்கியபோதும் விடவில்லை. எலும்புக்குள் ஏதோ நெறுநெறுவென்று பெயர்ந்தது. சீழ் நாற்றம் குப்பென்று அடித்தது.

"அவ்வளவுதாம்மா. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தீங்கன்னா என்னால ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது."

"இம்புட்டுத்தானா?" என்றாள் லோகநாயகி, வாயில் பஞ்சோடு.

"வெளிய யாருகூடம்மா சண்ட போட்டீங்க?"

"அது ஒரு கோட்டிக்காரப் பைத்தியம்."

வெளியே வந்தபோது முன்கூடத்தில் யாரும் இல்லை. அவள் எறிந்த துண்டையும் காணவில்லை. ஓடிவிட்டார் என்று நினைத்தாள். பஞ்சு மட்டும் இல்லாவிட்டால் அதற்கும் ஏதாவது சொல்லியிருப்பாள்.

வீக்கம் வற்றியது. கழுத்து பழையபடி ஆனது. அடுத்த வாரமே விடுதியில் நாலு பேரை ஏசி விரட்டினாள். பல்லுக்குப் பயப்படுகிறவர்களைப் பற்றி அவள் பேசிய பேச்சு ஐந்தருவி வரைக்கும் கேட்டது. "பல்லுக்குப் போயி எவனாது பயப்படுவானாலே?" என்று சங்கரபாண்டியிடமே கேட்டாள். அவன் ஆட்டோவைத் துடைக்கப் போய்விட்டான். அவனுக்குப் பிழைப்பு முக்கியம்.

புண் ஆறியிருக்கிறதா என்று காட்டுவதற்காக, திரும்பவும் அந்த வீட்டுப் படியை ஒரே மூச்சில் ஏறினாள். முன்கூடம் நிறைய ஆள் இருந்தது. மூலை நாற்காலியிலும் யாரோ ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்து செல்போனை நோண்டிக்கொண்டிருந்தாள். ரோஜா வாசனை இல்லை. லோகநாயகி வெற்றியோடு உள்ளே போனாள்.

"இப்பல்லாம் பாதியில யாரும் எந்திரிச்சுப் போறதில்லம்மா" என்றாள் சுஜிதா. அவள் முகம் தெளிந்திருந்தது. "இந்தச் சேர்லதான் ஏதோ கோளாறு. ராத்திரி நிமித்தி வச்சிட்டுப் போறேன், காலையில மல்லாந்து கெடக்கு. மெக்கானிக் வந்து பாத்துட்டு ஒண்ணுமில்லைங்கறான்."

"சாமானெல்லாம் அப்படித்தான். ஏமாத்தித் தலையில கட்டிருதானுவ" என்று சொல்லிக்கொண்டே லோகநாயகி படுத்தாள்.

நாற்காலி குளிர்ந்து கிடந்தது. ஏசிக் குளிர் இல்லை. கிணற்றுக்குள் இறங்கின மாதிரி ஒரு குளிர்.

விளக்கு எரிந்தது. சுஜிதாவின் இரண்டு விரலும் கண்ணாடியும் வாய்க்குள் போயின. அப்போதுதான் ரோஜா மாலை வாசனை வந்தது. கதவுப் பக்கமிருந்து வரவில்லை. அவள் முதுகுக்கு அடியிலிருந்து வந்தது.

அவள் படுத்திருந்தது மெத்தை மேல் இல்லை.

விலா எலும்புகள் மேல்.

கையைத் தூக்கப் பார்த்தாள். கீழேயிருந்து ஒரு விறைத்த கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. இறுக்கவில்லை. துணைக்குப் பிடித்துக்கொள்வதுபோல் பிடித்தது.

"பயமா இருக்காம்மா?" என்று கேட்டாள் சுஜிதா, கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்காமல்.

லோகநாயகியின் வாய் விரல்களுக்கு நடுவில் பிளந்து கிடந்தது. ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை.

"இல்ல தாயி" என்று பதில் வந்தது.

"வெரி குட்" என்றாள் சுஜிதா. "இன்னும் கொஞ்சம் பெருசாத் தொறங்க."

லோகநாயகியின் பிடரிக்குக் கீழே இன்னொரு வாய் மெல்லத் திறந்தது.