வால்கூண்டின் கதவு

காலையில் துடைத்து வைத்த வெள்ளி லங்காஸ்டர் விமானத்தின் மேல் பனி பூத்திருந்தது.

மொரீன் கோட்டைக்கூடக் கழற்றாமல் அலமாரி முன் நின்றாள். முதியோர் இல்லத்தில் மற்றவர்களின் பெற்றோரைப் பத்து மணி நேரம் தூக்கி, கழுவி, படுக்க வைத்துவிட்டுத் தன் அப்பாவைப் பார்த்துக்கொள்ள வீடு வந்திருந்தாள். மாலை நான்குதான். லிங்கன்ஷயரின் நவம்பரில் அதற்குள் ஜன்னல்கள் கறுத்துவிடும். ஹீட்டர் கொதித்துக்கொண்டிருந்தது. அப்பா வில்ஃப்ரெட் இருபது ஆண்டுகளாகச் சேர்த்த போர் விமானங்கள், உள்ளங்கை அளவு வெள்ளி வார்ப்புகள், மொத்தம் ஆறு. ஐந்து பளபளத்தன. நடுவிலிருந்த குண்டுவீச்சு விமானமான லங்காஸ்டர் மட்டும் மூக்கிலிருந்து வால்வரை வெளுத்து உறைந்திருந்தது. தொட்டாள். விரல்நுனி ஒட்டிப் பிரிந்தது. பாலிஷ் வாடைக்கு அடியில் இன்னொரு வாடை, பெட்ரோலும் ஈரக் கம்பளியும் கலந்ததுபோல.

"மொரீனா?" மாடியிலிருந்து அப்பா.

"நான்தாம்பா. சூப் கொண்டாரேன்."

"சூப் கெடக்கட்டும். அவன் தட்டிக்கிட்டே இருக்கானே, உனக்குக் கேக்கலையா?"

பக்கவாதம் வந்து இரண்டு வருடமாக அவர் கால் தரையில் படவில்லை. தலையணையை நிமிர்த்தி, கரண்டியை நீட்டினாள்.

"யாருப்பா தட்டுறது?"

"எட்வின். எங்க விமானத்துல வால்கூண்டுல உக்காந்து சுடுறவன். பத்தொம்பது வயசு."

போர் முடிந்த ஐம்பது வருடத்தில் அப்பா அதைப் பற்றி வாய் திறந்ததில்லை.

"விமானம் எரியுது. கூண்டுக் கதவு சிக்கிக்கிச்சு. உள்ளேருந்து தட்டுறான். இந்தப் பக்கம் கைப்பிடி என் கையில. இன்னும் ஒரு இழுப்பு இழுத்திருந்தா வந்திருக்கும். விட்டுட்டுக் குதிச்சிட்டேன்."

மொரீன் கரண்டியை மறுபடி அவர் வாயருகே நீட்டினாள்.

"அதெல்லாம் முடிஞ்சு போச்சுப்பா. வாயத் திறங்க."

"நர்ஸ் மாதிரியே பேசுற."

"நர்ஸுன்னா வேலை முடிஞ்சதும் வீட்டுக்குப் போகலாம்பா."

அவர் சிரிக்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழே கிண்ணத்தைக் கழுவும்போது கேட்டது. மெல்ல, மூன்று தட்டு. பிறகு மூன்று. தண்ணீர்க் குழாயாக இருக்கும் என்று குழாயை மூடினாள். நிற்கவில்லை. ஓசை வந்த வழியே ஈரக் கையோடு அலமாரிவரை நடந்து, லங்காஸ்டரின் வாலருகே காதை வைத்தாள். கெட்டி வெள்ளி. உள்ளே இடமே கிடையாது. உள்ளேயிருந்துதான் தட்டல் வந்தது.

நின்றது.

பிறகு மாடியில் கேட்டது. அதே மூன்று தட்டு.

"அப்பா?"

படியேறினாள். முழங்கால் வலித்தது. அலுப்புதான், காது ஏமாற்றுகிறது, வேறொன்றுமில்லை.

கட்டில் காலி.

போர்வை மடிப்புக் கலையாமல் கிடந்தது. கழிப்பறையில் யாருமில்லை. கட்டிலுக்கு அடியில் யாருமில்லை.

துணி பீரோவுக்குள்ளிருந்து தட்டல்.

கைப்பிடியைப் பிடித்தாள். சுட்டது, அவ்வளவு குளிர். இழுத்தாள். சிக்கியது. இன்னொரு இழுப்பு.

திறந்தது.

தொங்கிய கோட்டுகளுக்கு நடுவே அப்பா முழங்காலை முகவாயோடு மடக்கி உட்கார்ந்திருந்தார். கண் இமையெல்லாம் வெண்பனி. உதடு அசைந்தது.

"சாத்திடும்மா. நீயாவது போ."

அவருக்குப் பின்னால் பீரோவின் பலகை. அதற்குப் பின்னால் சுவர். ஆனால் அவர் அக்குள் வழியே, கருகிய தோல் கையுறை போட்ட இரண்டு கைகள் முன்னே வந்து, குளிரில் நடுங்கும் குழந்தை தாயைக் கட்டுவதுபோல அவர் மார்பைக் கட்டியிருந்தன.

மொரீன் பார்த்துக்கொண்டே நின்றாள். அந்தக் கைகள் அவரை இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்தன.