முதுகைக் காட்டி நின்றவள்

மேய்ச்சல் நிலத்தின் கம்பிக் கதவைத் திறந்து உள்ளே வந்தாள் அவள். வெயில் இன்னும் இறங்கவில்லை. தோளில் கணவனின் பழைய கோட்டு. அதன் பை நிறைய கேரட். இதே புல்லில்தான் போன மாதம் அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். அவள் இன்னும் அழவில்லை. அழுகை வர வேண்டிய இடம் மரத்துக் கிடந்தது.

கொழுந்தன் கதவில் சாய்ந்து நின்றான்.

"நாளைக்குக் காலையில லாரி வருது அண்ணி. கூப்பிட்டா வராத குதிரையை வெச்சு என்ன பண்றது? துரைன்னு பேர் வெச்சாலும் வெச்சார் அண்ணன், மனு போட்டுத்தான் பார்க்கணும் போல!"

"என்கிட்ட வந்துட்டா?"

"லாரியே வேணாம். உங்க துரை, உங்க பாடு."

அவள் புருஷன் விட்டுப்போன உயிர் அது ஒன்றுதான்.

அவன் குதிரையைப் பழக்கிய விதம் அவளுக்குத் தெரியும். நாமாகத் தேடிப் போகக் கூடாது. முதுகைக் காட்டி நின்று, நாக்கைச் சொடுக்கி, உள்ளங்கையைப் பின்னால் நீட்ட வேண்டும். வந்தால் கொடுக்க வேண்டும். கொடுத்த கையோடு நாம்தான் முதலில் விலக வேண்டும். நின்றால், ஒட்டிக்கொள்ளும்.

சொடுக்கினாள்.

பின்னால் புல் சரசரத்தது. அவசரமில்லாத நடை. கழுத்தில் மூச்சு பட்டது. ஈர மண்ணின் வாசனை.

மூச்சில் சூடு இல்லை.

கையிலிருந்த கேரட் போயிற்று.

விலக வேண்டும் என்பதே அவளுக்கு மறந்துவிட்டது. எத்தனையோ நாளுக்குப் பிறகு ஏதோ ஒன்று அவளை ஒட்டி நின்றது. அவளும் நின்றாள்.

தற்செயலாக இடப்பக்கம் பார்த்தாள்.

வேலியின் கடைசி மூலையில் துரை நின்றது. உடம்பு நடுங்க, அவள் தோளுக்குப் பின்னால் வெறித்தபடி.

யார் சொடுக்கினாலும் அது ஏன் வருவதில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. பயப்பட வேண்டும் என்று தெரிந்தது. பயம் வரவில்லை.

"நீங்களா?" என்றாள் மெல்ல.

மூச்சு இன்னும் நெருங்கியது.

துரை கனைத்தது. நாலுகால் பாய்ச்சலில் வந்து, அவள் மார்பில் தலையை முட்டி, கதவுக்கு வெளியே தள்ளிக்கொண்டு போனது.

"வந்துட்டாரே துரை!" கொழுந்தன் கைதட்டினான். "லாரிக்காரனுக்கு இப்பவே போன் போட்டுடறேன்."

"முதல்ல கதவைச் சாத்து."

"இருங்க அண்ணி, அந்தம்மாவும் வரட்டும்."

"எந்தம்மா?"

"உங்க முதுகை ஒட்டி நின்னாங்களே..." அவன் புல்வெளியைப் பார்த்தான். குரல் இறங்கியது. "இப்பதானே இருந்தாங்க?"

புல்வெளி காலியாகக் கிடந்தது. அவன் அவசரமாகக் கதவைச் சாத்தித் தாழ் போட்டான்.

துரை அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அதன் காதுகள் இரண்டும் விறைத்து, வீட்டைப் பார்த்து நின்றன.