முதுகுக்கு முதுகு

அவர்கள் இருவரும் முதலில் கண்ணால் சந்திக்கவில்லை... முதுகால்தான் சந்தித்தார்கள்!

உடப்புக் கடற்கரையில் தூறல் விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த காலை. கரைவலைக் கயிற்றை இழுத்தபடி, கடலைப் பார்த்துக்கொண்டே பின்பக்கமாக நடந்து வந்தது ஓர் ஆள்வரிசை. கடைசியில் இந்துஜன். எதிரே, தென்னைகளைப் பார்த்தபடி தானும் பின்பக்கமாகவே நடந்து வந்தாள் வினோஜா டீச்சர். பிறகென்ன... தொம்!

"கண் தெரியாதா உங்களுக்கு?"

"முதுகில எனக்குக் கண் இல்ல டீச்சர். உங்களுக்கு இருக்கோ?"

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. அவன் முகத்திலோ சிரிப்பே இல்லை.

"ரெண்டு நாளா பார்க்கிறன். எங்களப் போலவே பின்னால நடந்து காட்டுறீங்க. வலை இழுக்கிறது உங்களுக்குப் பகிடியா? இனி இந்தப் பக்கம் வரவேணாம்."

உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள் வினோஜா... விழுங்கிவிட்டாள். கரப்பந்துப் போட்டியில் துள்ளி விழுந்ததில் அவள் முழங்கால் சவ்வு கிழிந்திருந்தது. பயிற்சியும் எண்ணெய் உருவலும் மூன்று மாதத்தில் சரிவராவிட்டால் ஒப்பரேஷன்தான் என்று சிலாபத்து டாக்டர் சொல்லியிருந்தார். கத்தி என்றாலே அவளுக்குப் பயம். பின்பக்க நடையும் அந்தப் பயிற்சிகளில் ஒன்று. ஆனால் அம்மா தவமணி, முழங்காலை உருவிவிடும்போதெல்லாம் ஒரே புலம்பல். "வெளிய மூச்சு விட்டுராத பிள்ள. கால் ஏலாதவள் எண்டு கதை வந்தா, யாரு பொம்பிளை கேட்டு வருவாங்க?"

"கடற்கரை என்ன, உங்கட வீட்டு முற்றமோ?" என்று முகத்தை வெட்டிக்கொண்டு போனாள். போகும்போது நொண்டாமலிருக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

வீம்புக்கு ரோட்டில் நடந்து பார்த்தாள். மூன்றே நாளில் முழங்கால் வீங்கிவிட்டது. அம்மா அழ, வினோஜாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வீக்கம் வற்றியதும் வீம்பை மூட்டை கட்டி வைத்துவிட்டு, அவன் முன்னால் போய் நின்றாள்.

"பகிடி இல்ல... முழங்கால் காயம். பின்னால நடக்கச் சொல்லியிருக்காங்க. ரோட்டில ஏலாது, மணல்தான் வேணும். யாருக்கும் சொல்லிராதீங்க... கலியாணப் பேச்சு கெட்டுருமாம், அம்மா பயப்படுறா."

அவன் அவள் காலைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான். மழைத்துளி தங்கிய அந்த இமைகளை விட்டு அவன் கண் உடனே நகரவில்லை.

"மன்னிச்சிருங்க டீச்சர். பின்னால நடக்கிற எங்கட ஆக்களுக்கு முழங்கால் வருத்தம் வந்ததே இல்ல..." என்றவன் மெல்லச் சிரித்தான். "முதுகு வருத்தம்தான்!"

மறுநாள், சிப்பியெல்லாம் பொறுக்கி நேரான ஒரு நடைபாதை அவளுக்காகக் காத்திருந்தது. அன்றிலிருந்து அவள் முதுகுக்கு அவனே கண்.

"இடப்பக்கம் வாங்க... விரலை ஊண்டிட்டுக் குதியை இறக்குங்க... நில்லுங்க, நண்டு!"

"எங்க?" என்று அவள் துள்ளித் திரும்பினால், நண்டும் இராது ஒன்றும் இராது. அவன் சிரிப்புத்தான் இருக்கும்.

மூன்று மாதம் போனதே தெரியவில்லை. காலையில் கடற்கரை, பின்னேரம் அம்மாவின் உருவல். கடைசியில் டாக்டர் காலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

"ஒப்பரேஷன் வேணாமாம்!" கடற்கரைக்கு வந்து மூச்சிரைக்கச் சொன்னாள்.

கயிறும் கையுமாக நின்ற இந்துஜனின் முகம் மலர்ந்தது... பிறகு மெல்ல வாடியது.

"அப்ப... இனி பின்னால நடக்க வரமாட்டீங்க."

"வரமாட்டன்."

அவன் நாலு எட்டுப் பின்னால் வைத்தான். பிறகு கடலைப் பார்த்துச் சொன்னான். "நீங்க நொண்டினாலும் நான் பொம்பிளை கேட்டு வந்திருப்பன் டீச்சர். அப்பவே கேட்டிருந்தா இரக்கத்தில கேக்கிறன் எண்டு நினைச்சிருப்பீங்க. அதான் கால் சுகமாகட்டும் எண்டு இருந்தன்."

இத்தனை நாள் வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறானே... என்று நினைத்தாள் வினோஜா. அவனுக்கும் கடலுக்கும் நடுவில் வந்து, அவன் முகத்தைப் பார்த்தபடி கயிற்றைப் பிடித்தாள்.

"பின்னால நடக்கத்தானே வரமாட்டன் எண்டன். இனி முன்னால நடக்கிறன், உங்களப் பார்த்துக்கொண்டு."

"அப்ப... ஓமா?"

"ஓம்."

இந்துஜன் அப்படியே நின்றுவிட்டான். கயிறு தொய்ந்தது. "டேய், இழுடா!" என்று வரிசையே கத்தியது.

"இழுங்க," என்றாள் வினோஜா. "உங்கட முதுகை நான் பார்த்துக்கொள்றன்."